மனவடுவோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள்

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியபோது, வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் கரை திரும்பவில்லை. பலரது உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று மழலைகளாக இருந்த பிள்ளைகள் இன்று பள்ளிக் கால்பந்து அணிகளில் ஆடும் வயதில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நடக்கும் குடியும் அடியும் தந்த காயத்தோடு வருபவர்களும் அவர்களிடையே உண்டு.

உளவியல் ஆலோசகராக நான் சந்திக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள், நன்றாக ஆடும் மாணவன் ஒரு அதட்டலுக்கு உறைந்து நிற்பதையோ சீறி எழுவதையோ திமிர் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். பேரச்சத்தை அனுபவித்த உடல், ஆபத்து நீங்கிய பின்னும் காவலை எளிதில் தளர்த்துவதில்லை. உரத்த குரலோ, பின்னாலிருந்து தோளில் விழும் கையோ போதும், யோசிப்பதற்கு முன்பே அது தற்காப்பில் இறங்கிவிடும்.

ஆகவே இன்றைய பயிற்சியில் என்னென்ன நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிற்கும் விதத்தைத் திருத்தத் தொடுமுன் அனுமதி கேளுங்கள். தவற்றுக்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை அடியோடு நிறுத்துங்கள். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. இது செல்லம் கொடுப்பது ஆகாது. பயிற்சி எவ்வளவு கடினமாகவும் இருக்கலாம், அவமானம் மட்டும் அதில் கூடாது.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கே உரிய சில தருணங்களும் உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய செபத்தில் கண்ணை மூடி அமைதியாக நிற்பது சில பிள்ளைகளுக்குப் பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும். இறந்தோரை நினைவுகூரும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 முதல் புயலின் நினைவு நாள் வரையிலான வாரங்களில் அணித் தேர்வு வைக்காதிருப்பது நல்லது. தந்தையை இழந்த பிள்ளையிடம் ‘கடவுளின் சித்தம்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடாதீர்கள். அவன் பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் பந்தைக் கொடுங்கள்.

ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால், துருவித் துருவி விசாரிக்காமல் நம்பிக் கேளுங்கள். தாளாளரிடமோ பங்குத்தந்தையிடமோ தெரிவிப்பதோடு உங்கள் கடமை முடிவதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியது, கேள்விப்பட்டவரின் பொறுப்பு. பிள்ளைக்கு உடனடி உதவி பெற 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.