பிரசுரத்தில் ரோம், இறங்கினால் சிவித்தாவெக்கியா

சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கேபின் போன் அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கப்பலின் ரிசப்ஷனிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வரும்: "உங்கள் குழுவில் இரண்டு பேர் இன்னும் ஏறவில்லை, எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா?" இறங்கும்போதும் ஏறும்போதும் ஒவ்வொருவர் அட்டையையும் ஸ்கேன் செய்கிறார்கள். யார் வெளியே நிற்கிறார்கள் என்பது கப்பலுக்கு எப்போதும் தெரியும்.

சென்னையிலிருந்து ஐரோப்பியக் கப்பல் பயணங்களுக்குக் குழுக்களை அழைத்துப்போகும் டூர் மேனேஜர் நான். இந்தப் போன் எனக்கு அடிக்கடி வராது. வந்தவற்றில் மறக்கவே முடியாதது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் வந்தது. திருச்சிப் பக்கத்துத் தம்பதி, இருவரும் ஓய்வு பெற்றவர்கள். அன்று குழுவோடு வராமல் தனியாக ஃபிளாரன்ஸ் போகிறோம் என்றார்கள். நாலு மணி ரயிலில் கிளம்பிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் ஏறியது ஐந்தரை ரயில். "ஒன்றரை மணி நேரத்துல வந்துடலாம்னு போன் காட்டுச்சே தம்பி" என்று அந்த ஐயா பிறகு சொன்னார். போன் காட்டியது பொய்யில்லை. ஆனால் அது ரயில் நிலையம் வரைக்குமான கணக்கு. அங்கிருந்து துறைமுகத்துக்குப் பஸ், துறைமுக வாசலிலிருந்து கப்பலுக்கு இன்னொரு பஸ். லிவோர்னோ சரக்குத் துறைமுகமும்கூட, உள்ளே நடந்துபோக விடமாட்டார்கள். அவர்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது ஏழு இருபது. கப்பல் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டது.

அதற்கு முன்பே கப்பலின் பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூட்டிக்கொண்டு அவர்கள் கேபினுக்குப் போயிருந்தார். பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்தார். நான் சர்க்கரை மாத்திரைப் பையையும் சேர்த்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கரையில் நின்ற போர்ட் ஏஜென்டிடம் (அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் ஆள்) ஒப்படைத்த பிறகுதான் ஏணிப்பாலத்தை இழுத்தார்கள். ஆள் வராவிட்டால் பெரும்பாலான கப்பல்கள் செய்வது இதைத்தான். காத்திருக்க மாட்டார்கள். துறைமுகத்தில் நிற்கும் நேரத்துக்கு வாடகை உண்டு, அடுத்த ஊரில் இடம் பிடித்து வைத்திருப்பார்கள், மூவாயிரம் பேர் ஏற்கெனவே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தவறு கவனக்குறைவால் மட்டும் நடப்பதில்லை. பயண நிறுவனங்கள் அச்சடிக்கும் பிரசுரத்திலும் அதன் வேர் இருக்கிறது. "நாள் 4: ரோம்" என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில், ரோமிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தள்ளி. "ஃபிளாரன்ஸ்" என்றால் லிவோர்னோ, தொண்ணூறு கிலோமீட்டர். "பாரிஸ்" என்றால் லெ ஹாவ்ர், ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். "பெர்லின்" என்றால் பால்டிக் கரையில் வார்னெமுண்டே, போக மட்டுமே மூன்று மணி நேரம். வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை. 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜியுதெக்கா கால்வாய் வழியாக ஊர் நடுவில் இருக்கும் சான் மார்கோ சதுக்கத்துப் பக்கம் வரக் கூடாது என்று இத்தாலிய அரசு தடுத்துவிட்டது. அதனால் "வெனிஸ்" என்று டிக்கெட் வாங்கியவர் மார்கேரா தொழிற்பேட்டைப் பக்கம் இறங்கலாம். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ இறங்கவும் வாய்ப்புண்டு. பணம் கட்டும் முன் ஊர் பெயரைக் கேட்காதீர்கள், துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள்.

நான் துறைமுகங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: வாசலிலேயே ஊர் இருப்பவை, ஊர் பெயரை இரவல் வாங்கியவை. நேப்பிள்ஸில் இறங்கிச் சாலையைக் கடந்தால் காஸ்தெல் நுவோவோ கோட்டை எதிரே நிற்கும். ஜெனோவாவில் பழைய ஊர்ச் சந்துகள் துறைமுகத்தை ஒட்டியே தொடங்கிவிடும். மால்டாவின் வலேட்டாவில் கோட்டை மதிலுக்கு அடியிலேயே கப்பல் நிற்கும், மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது. இந்த ஊர்களில் யாரையும் நம்ப வேண்டாம், சொந்தக் கால்களை நம்பினால் போதும். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவுக்குக் காசு கொடுப்பது வீண் என்றே சொல்வேன். இரவல் பெயர்த் துறைமுகங்களில் கணக்கு வேறு. கப்பல் நடத்தும் சுற்றுலாப் பேருந்து போக்குவரத்தில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாக ஏறிய ரயிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. விலை அதிகம்தான். வயதான பெற்றோரோடு போகிறவர்கள் அந்தக் கூடுதல் காசைக் காப்பீடாக நினைத்துக்கொள்ளலாம்.

தனியாகத்தான் போவேன் என்பவர்கள் அன்றைய திட்டத்தைக் காலையிலிருந்து போடாதீர்கள், மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ரோமையே எடுத்துக்கொள்வோம். கப்பல் ஏழுக்குக் கிளம்புகிறது, எல்லோரும் ஆறரைக்கு ஏறியிருக்க வேண்டும். என் கணக்கில் ஐந்தரைக்கே ஏணிப்பாலத்தடியில் நிற்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் வர முக்கால் மணி நேரம் வையுங்கள். ரயில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆக மூன்றரைக்கு ரோமில் ரயில் ஏற வேண்டும், மூன்று மணிக்குள் கொலோசியத்தைவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். காலையில் எட்டு மணிக்கு இறங்கினாலும் ரோம் சேரப் பத்தாகிவிடும். கையில் இருப்பது ஐந்து மணி நேரம். அதில் வாடிகனும் கொலோசியமும் ட்ரெவி நீரூற்றும் என்று பட்டியல் போட்டால் மூன்றிலும் வரிசையைத்தான் பார்ப்பீர்கள்.

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வாடிகன் என்றால் தெர்மினி பெரிய நிலையம் வரை போகவே வேண்டாம். அதற்கு முன்பே சான் பியெத்ரோ நிலையம் வரும், இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் புனித பேதுரு சதுக்கம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பேராலய வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நம் புடவையும் சுடிதாரும் இங்கே ரொம்ப வசதி, அரைக்கால் சட்டை போட்டு வந்த ஆண்கள்தான் மாட்டுவார்கள். புதன்கிழமை காலை போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திக்கும் நேரம், பேராலயத்துக்குள் போக முடியாது. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வாடிகன் அருங்காட்சியகம் மூடல். ஃபிளாரன்ஸின் உஃபீஸி ஓவியக் கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. கப்பல் எந்தக் கிழமை நிற்கிறது என்பதைப் பார்க்காமல் தேதியை மட்டும் பார்ப்பவர்கள் நம்மில் நிறைய.

ரயில் டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, அபராதம் உண்டு. ரோமுக்குப் போகிறவர்கள் கவுண்டரில் 'பிர்க்' என்று கேளுங்கள். ஒரு நாள் முழுவதுக்குமான டிக்கெட், ரோமின் மெட்ரோவும் பஸ்ஸும் அதிலேயே அடக்கம்.

அப்புறம் 'ஷோபெரோ' என்ற சொல். வேலைநிறுத்தம் என்று அர்த்தம். இத்தாலியில் இதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதனால் முந்தின நாள் இரவு ஒரு தடவை தேடிப் பாருங்கள். வேலைநிறுத்த நாளிலும் உள்ளூர் ரயில்கள் வார நாட்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் ஓடும் என்று உத்தரவாதம் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு அது. போவதற்கு ரயில் இருக்கும், கப்பலுக்குத் திரும்ப வேண்டிய மதியத்தில் இல்லாமல் போகலாம். கப்பல் பயணிக்கு இதைவிடப் பெரிய பொறி வேண்டாம்.

நேரம் என்றதும் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா எல்லாம் ஒரே நேரம். கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் ஒவ்வொரு நாட்டிலும் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாமல் 'கப்பல் நேரம்' என்று ஒன்றையே வைத்திருக்கும். உங்கள் போனுக்கு அது தெரியாது, கரையில் கிடைக்கும் சிக்னலைப் பார்த்துத் தானாக மாறிக்கொள்ளும். கிரேக்க நேரத்தை விடாமல் வைத்திருக்கும் கப்பல் குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் நின்றால், போனில் நாலு மணி, கப்பலில் ஐந்து. என் குழுவில் எல்லோரும் கைக்கடிகாரம் கட்ட வேண்டும் என்பது கண்டிப்பு. சாதாரணக் கடிகாரம் போதும், ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். அதுவும் போனோடு சேர்ந்து மாறிவிடும்.

போனைக் கப்பல் நகர்ந்ததுமே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் சிக்னல் காட்டுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அது செயற்கைக்கோள் வழியாகக் கப்பலே தரும் சிக்னல், பெரும்பாலான ரோமிங் பேக்குகளில் அது அடங்காது. பேரனுக்கு அனுப்பிய நாலு வீடியோவுக்கு வந்த பில்லைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா அன்று இரவு சாப்பிடவே இல்லை.

கிரீஸின் சாந்தோரினித் தீவு மாதிரி இடங்களில் பெரிய கப்பல் கரையை அணுகாது. கடலிலேயே நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் இறக்குவார்கள். கீழே பழைய துறைமுகம், ஊர் மலை உச்சியில். ஏற மூன்று வழி: கேபிள் கார், கழுதை, ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். கழுதைகள் படுகிற பாட்டைப் பார்த்த பிறகு நான் யாரையும் அதில் ஏற்றுவதில்லை. திரும்பும்போது கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். படியில் இறங்கலாம் என்றால் வழியெல்லாம் சாணி வழுக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும், கப்பல் புறப்படும் நேரத்தை அல்ல.

விசா விஷயத்தில் ஏஜென்டுகளே சறுக்குகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பல் நடுவில் துருக்கிக்கோ மாண்டினீக்ரோவுக்கோ துனிசியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்த் திரும்பினால், ஷெங்கன் எல்லையைவிட்டு வெளியே போய் மறுபடி நுழைகிறோம் என்று பொருள். அதற்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு வந்தால் கப்பலில் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் அந்த நாட்டுக்கு விசா வேண்டுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். குரோஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, அது கவலையில்லை.

சில கப்பல்களில் பயணம் முடியும்வரை பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயப்பட வேண்டாம், வழக்கம்தான். முதல் பக்கத்தையும் விசாவையும் நகல் எடுத்துப் பையில் வையுங்கள். நேப்பிள்ஸ் பக்கத்துப் பொம்பேயி இடிபாடுகளுக்கு 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேரைத்தான் விடுகிறார்கள், டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். கொலோசியத்திலும் பெயர் உண்டு. அந்தப் பெயர் உங்களுடையதுதான் என்று காட்ட நகலாவது கையில் இல்லாமல் போகாதீர்கள். அன்றன்று கேபினுக்கு வரும் தினசரித் தாளைத் தூக்கிப் போடாமல் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், போர்ட் ஏஜென்டின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.

திருட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பார்சிலோனாவின் ராம்ப்ளா தெருவும் நேப்பிள்ஸிலிருந்து பொம்பேயி போகும் ரயிலும் கூட்டத்தில் உரசி எடுப்பவர்களுக்குப் பேர் போனவை என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சட்டையில் ஏதோ கொட்டியிருக்கிறது என்று துடைக்க வருபவரிடம் நின்று பேசாதீர்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் நம் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள், நானும் சொல்வதில்லை. கழுத்தை மூடும் துப்பட்டாவோ ஸ்கார்ஃபோ போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். தெருவில் துணி விரித்து விற்கும் போலிப் பிராண்ட் கைப்பைகளை இத்தாலியில் வாங்கவே வாங்காதீர்கள். விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அபராதம். 7,000 யூரோ வரை போகும்.

சாப்பாட்டுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. சைவக்காரர்கள் கப்பலில் காலை உணவை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் பிஸ்கட்டில் ஓட்டுகிறார்கள். அவசியமே இல்லை. இந்தக் கடற்கரை முழுக்கக் கடலை மாவுதான்! ஜெனோவாவில் 'ஃபரினாத்தா', பிரான்ஸின் நீஸில் 'சொக்கா', லிவோர்னோவில் 'தோர்த்தா தி சேச்சி'. பெயர்தான் வேறு. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். முட்டை இல்லை, பால் இல்லை. மேலே மிளகுத் தூள். லிவோர்னோவில் அதை ரொட்டிக்குள் வைத்து 'சிங்க்வே எ சிங்க்வே' என்று கேட்பார்கள், ஐந்தும் ஐந்தும் என்று அர்த்தம். ஒரு காலத்தில் ஐந்து காசுக்கு ரொட்டி, ஐந்து காசுக்கு இந்த அடை. தண்ணீருக்கும் காசு வேண்டாம், ரோமில் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருக்கும் குழாய் நீர் குடிக்கத் தகுந்தது. பாட்டிலை மட்டும் எடுத்துப் போங்கள்.

அந்தத் திருச்சித் தம்பதிக்கு அதிர்ஷ்டம். மறுநாள் கப்பல் நின்றது சிவித்தாவெக்கியாவில், அதே கரையில், அதே நாட்டில். ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு, நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் படுத்திருந்துவிட்டு, காலை ரயிலில் கடலோரமாகவே வந்து பத்தரைக்குக் கப்பலில் ஏறிவிட்டார்கள். அடுத்த நிறுத்தம் வேறு நாடாக இருந்திருந்தால் விமான டிக்கெட் அவர்கள் செலவு. ரோம் பார்க்கப் போகவில்லை, கேபினில் தூங்கினார்கள். இரவுச் சாப்பாட்டில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஊருக்கு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி" என்றார். ஐயா அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரயில் ஜன்னல் வழியாக எடுத்த கடல் படத்தைப் போட்டிருந்தார்.