வலிப்பென்று தெரியாத வலிப்புகள்

கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால் எந்தப் பெற்றோரும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடி வந்துவிடுகிறார்கள். குழந்தை நரம்பியல் மருத்துவர்களான எங்களை அதிகம் கவலைகொள்ள வைப்பவை, வலிப்பைப் போலவே தோன்றாததால் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகும் வலிப்புகளே.

அவற்றுள் மிகவும் அவசரமானது, பெரும்பாலும் 3 முதல் 12 மாதங்களுக்குள் தொடங்கும் ‘இன்ஃபன்டைல் ஸ்பாஸம்’. தூங்கி எழுந்த குழந்தை தலையைச் சட்டென்று முன்னால் கவிழ்த்துக் கைகளை விரித்துத் தூக்கும். ஓரிரு நொடிகளில் அது அடங்கிவிடும். சற்று நேரத்தில் மறுபடியும் வரும். இப்படிக் கொத்தாகப் பலமுறை வந்து, இடையே குழந்தை அழவும் செய்வதால், வயிற்றுவலி என்று கிரைப் வாட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் தம் சொந்த மகனிடம் கண்ட இதே அசைவுகளை விவரித்து 1841-இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததும், பிறந்த முதல் நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்கியதும் நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் காரணங்கள். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசொலோன், விகாபாட்ரின் ஆகிய மருந்துகளைத் தாமதமின்றித் தொடங்குவதைப் பொறுத்தே பின்னாளைய வளர்ச்சி பெரிதும் அமைகிறது.

இதற்கு மாறாக, 6 மாதம் முதல் 5 வயதுக்குள் காய்ச்சலோடு வந்து சில நிமிடங்களில் நிற்கும் வலிப்பு, பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், பெரும்பாலும் தீங்கற்றது. மூளைக்காய்ச்சல் இல்லையென்று உறுதிசெய்தபின் தினசரி மாத்திரை பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

பள்ளி செல்லும் வயதில் ‘ஆப்சன்ஸ்’ வலிப்பு வருகிறது. பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் குழந்தை பத்து நொடிபோல் உறைந்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே நாளில் பல முறை வரலாம். “வகுப்பில் கவனமில்லை” என்ற ஆசிரியரின் புகாரோடு வரும் இக்குழந்தைகளைத் தொடர்ந்து மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொன்னால், பெரும்பாலும் எங்கள் கண்ணெதிரிலேயே அது வந்துவிடும். பகற்கனவில் ஆழ்ந்த குழந்தையைத் தொட்டுக் கூப்பிட்டால் திரும்பும், இவ்வலிப்பில் திரும்பாது.

பதின்பருவத்தில் காலை நேரத்தில் காபி டம்ளரோ சீப்போ கையிலிருந்து தெறித்து விழுவதைப் பதற்றம் என்றும் அசட்டை என்றும் திட்டித் தீர்க்கிறார்கள். தேர்வுக்காகவோ திருவிழாவிலோ கண்விழித்த மறுநாள் காலையில் முழு வலிப்பு வந்த பிறகே, கையின் அந்தத் துள்ளல்களும் வலிப்புதான் என்பது தெரியவருகிறது. இதற்கும் ஆப்சன்ஸ் வகைக்கும் கார்பமசிபைன் அல்லது ஃபெனிடாயின் என்னும் வலிப்பு மருந்துகளைக் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும். எல்லா வலிப்புக்கும் ஒரே மாத்திரை என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வால்புரோயேட் என்னும் மருந்துக்கு இவை நன்கு கேட்கும் என்றாலும், பிற்காலத்தில் கருவைப் பாதிக்கும் என்பதால் பெண்பிள்ளைகளுக்கு இயன்றவரை தவிர்க்கிறோம்.

முழு வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இரும்போ சாவியோ, வாயில் கரண்டியோ வேண்டாம். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சந்தேகத்திற்குரிய சிறு அசைவுகளை, முகமும் நான்கு கைகால்களும் தெரியுமாறு செல்பேசியில் பதிவுசெய்து வாருங்கள். இரண்டு வலிப்புகளுக்கு நடுவே எடுக்கப்படும் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) சில வேளைகளில் இயல்பாகவே இருந்துவிடும்; அப்போது அந்த வீடியோவே எங்களுக்கு வழிகாட்டும்.