கீறல் விழுந்த சிடியும் உபரி பைட்டுகளும்

"பாட்டு சிடியைக் கணினியில் போட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குட்டிக் கோப்பு தெரிகிறது. அதைக் காப்பி செய்துகொண்டு சிடியை வெளியே எடுத்தால் பாட மறுக்கிறது. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தக் கோப்புக்குள் பாட்டே இல்லை என்பதுதான் காரணம். விண்டோஸ் காட்டும் அந்த சிடிஏ கோப்பின் அளவு வெறும் 44 பைட். எத்தனையாவது பாட்டு, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். பிலிப்ஸும் சோனியும் 1980-இல் ஆடியோ சிடிக்கு இலக்கணம் வகுத்தபோது கோப்பு, ஃபோல்டர் என்ற ஏற்பாடே அதில் வைக்கப்படவில்லை. உள்ளிருந்து வெளியே சுற்றிக்கொண்டு போகும் ஒரே ஒரு சுருள்பாதை, அதில் நுண்ணிய பள்ளங்கள், அவ்வளவுதான். ஒலியின் அளவை நொடிக்கு 44,100 முறை, முறைக்கு 16 பிட் என்று இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக எடுத்துப் பதிகிறார்கள். நொடிக்கு 14,11,200 பிட் ஆகிறது.

அந்த எண்களை அப்படியே படித்து, கணினிக்குப் புரியும் கோப்பாகக் கட்டுவதுதான் ரிப் செய்யும் மென்பொருளின் வேலை. கேட்க எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஆடியோ சிடி உருவானதே பாட்டு நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. பிழை வந்தால் முடிந்தவரை திருத்தும், முடியாவிட்டால் மறைத்துவிடும். எது திருத்தியது, எது மறைத்தது என்று பிரித்தறிவதில்தான் நல்ல மென்பொருளின் திறமை இருக்கிறது.

முதலில் திருத்தத்தைப் பார்ப்போம். எனக்கு இதைவிட அழகான பொறியியல் அதிகம் தெரியாது.

இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோடு முடிவாகிவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். நான் உங்களுக்கு 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். அவற்றை முதல் இரண்டு புள்ளிகளாக வைத்து, அதே கோட்டில் வரும் அடுத்த இரண்டையும் சேர்த்து 3, 5, 7, 9 என்று அனுப்புகிறேன். வழியில் கெட்டுப்போய் உங்களுக்கு 3, 5, 8, 9 என்று வருகிறது. வரைந்து பார்த்தால் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும், 8 மட்டும் விலகி நிற்கும். அது 7 ஆக இருந்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலே நீங்கள் திருத்திவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். "கடைசி இரண்டும் சந்தேகம்" என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வைத்தே கோட்டை வரைந்துவிடலாம். அதாவது பிழை எங்கே என்று தெரிந்தால் இரண்டு மடங்கு பிழையைச் சமாளிக்கலாம்.

சிடியில் நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை (பல வளைவுகள் கொண்ட கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒரு பைட்டில் அடங்கும் 256 எண்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய எண் உலகம். 24 பைட் ஒலிக்கு 4 உபரி பைட் சேர்த்து 28 ஆக்குகிறார்கள். அப்புறம் அந்த 28 பைட்டையும் ஒன்றாக எழுதுவதில்லை. தடத்தில் வரிசையாக எழுதப்படும் சிறு பொட்டலங்களுக்கு ஃபிரேம் என்று பெயர். நான்கு நான்கு ஃபிரேம் இடைவெளி விட்டு 108 ஃபிரேம் தூரத்துக்குச் சிதறடிக்கிறார்கள். சிதறி வந்து ஒரு ஃபிரேமில் சேர்ந்த 28 பைட்டுக்கு மறுபடி 4 உபரி பைட் போட்டு 32 ஆக்கி எழுதுகிறார்கள்.

இப்போது சிடியில் ஒரு கீறல். படிக்கும்போது, கடைசியாகச் சேர்த்த உபரி பைட்டுகள் முதலில் வேலைக்கு வருகின்றன. சின்னப் பிழை என்றால் அங்கேயே சரியாகிவிடும். பெரிய சேதம் என்றால், "இந்த ஃபிரேமில் உள்ள எல்லாமே சந்தேகம்" என்று குறித்து அனுப்பிவிடும். பிறகு சிதறடித்ததைத் திரும்பச் சேர்க்கும்போது, கெட்ட ஃபிரேமின் 28 பைட்டும் 28 வெவ்வேறு தொகுதிகளுக்கு, அதாவது சிதறடிப்பதற்கு முன் இருந்த 28 பைட் கூட்டங்களுக்கு, போய்விடுகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே ஒரு சந்தேகப் பைட், அதுவும் எது என்று தெரிந்தே வருகிறது! தொடர்ந்து 16 ஃபிரேம் நாசமானாலும் ஒரு தொகுதிக்கு நான்குக்கு மேல் சந்தேகம் சேராது. நான்கு உபரி பைட் நான்கையும் மீட்டுவிடும். தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் பாழானாலும் ஒரு பிட் கூட மாறாமல் பாட்டு திரும்பி வருகிறது.

இந்தக் கணிதத்தை இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960-இல் ஐந்தே பக்கக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதை வேகமாகக் கணக்கிடும் வழி கூட அப்போது இல்லை. சிடி கடைக்கு வந்தது 1982-இல். வாயேஜர் விண்கலம், கியூஆர் குறியீடு என்று பிறகு எங்கெங்கோ போனது அதே கணிதம். "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டுவிட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதியை வெட்டுபவர்கள் இந்த ஐந்து பக்கங்களை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, சேதம் அதையும் மீறினால்? முன்னும் பின்னும் இருக்கும் நல்ல எண்களின் சராசரியைப் போட்டு பிளேயர் இட்டு நிரப்பிவிடும். காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் ரிப் செய்யும்போதும் டிரைவ் இப்படியே ஊகித்த எண்ணை நிஜ எண் போலக் கொடுத்துவிடலாம். அதனால்தான் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சிடிபாரனோயா போன்ற மென்பொருள்கள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. இரண்டாம் முறை டிரைவ் தன் நினைவகத்தில் இருக்கும் பழைய பதிலையே நீட்டிவிடக் கூடாது என்று, நடுவில் வேறு இடத்தைப் படிக்க வைத்து அந்த நினைவகத்தைக் காலி செய்யவும் செய்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. டேட்டா சிடியில் 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு செக்டார் எனும் துண்டிலும் முகவரி உண்டு. ஆடியோ சிடியில் அத்தனையும் ஒலியே. இடத்தைச் சொல்லும் நேரக் குறிப்பு தனியாக, பக்கத் தடம் போல ஓடுகிறது. படிப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால் சில டிரைவ்கள் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ போய் இறங்கும். அதனால் சிடிபாரனோயா, முன்பு படித்ததன் வால் பகுதியையும் சேர்த்தே மறுபடி படிக்கிறது. ஒலி எண்கள் எங்கே பொருந்துகின்றன என்று தேடி அங்கே ஒட்டுகிறது. முகவரி இல்லாத இடத்தில் பாட்டே முகவரியாகிவிடுகிறது.

பாட்டின் பெயர்களும் பெரும்பாலான சிடிகளில் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் இடத்தை வைத்து ஓர் அடையாள எண் கணக்கிட்டு, மென்பொருள் இணையத்தில் தேடி எடுக்கிறது. ஆக்குரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம் இன்னும் ஒரு படி மேல். ரிப் செய்த ஒலியிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதே ஆல்பத்தை வேறு டிரைவில் வேறு யாரோ எடுத்ததோடு ஒப்பிடுகிறது. முன்பின் தெரியாத இருவருக்கும் ஒரே எண் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சிடியின் விளிம்பில் பச்சை மை பூசினால் ஒலி மேம்படும் என்று ஒரு நம்பிக்கை நெடுநாள் உலவியது. பூசுவதற்கு முன்னும் பின்னும் ரிப் செய்து அந்தச் சரிபார்ப்பு எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிட்டுகளில் மாற்றமே இல்லை. பத்து நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளக் கூடிய விஷயத்தை வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சேமிக்க ஃபிளாக் வடிவமே என் பரிந்துரை. அளவு நன்றாகக் குறையும், ஆனால் ஒரு பிட் கூட இழப்பு இல்லை. எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பிழை காட்டினால் சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தோடு சேர்ந்தே நீண்டு, 2.5 மில்லிமீட்டரை எளிதில் தாண்டிவிடும். பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தில் இன்னும் கவனம் தேவை. பள்ளங்களும் அவற்றின் மேல் உள்ள உலோகப் பூச்சும் அந்தப் பக்கத்து மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கின்றன. அந்தப் பூச்சு உரிந்துபோன இடத்தில் லேசர் பட்டுத் திரும்ப எதுவும் மிஞ்சாது.