உச்சி வெயிலில் ஃப்ளாஷ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

கடந்த வைகாசியில் ஒரு தகப்பனார் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். சட்டைப்பையில் ஒரு பென் டிரைவும், மஞ்சள் பையில் மகளின் கல்யாண ஆல்பமும் இருந்தன. "தம்பி, பிள்ளையோட கண்ணு ஒரு படத்துலயும் தெரியல. கண்ணை மட்டும் கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். திருமணம் சித்திரை முதல் வாரத்தில் நடந்திருக்கிறது. மறுநாள் மணமக்களை இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு நுனியான அரிச்சல்முனைக்கு அழைத்துச் சென்று, காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். படங்களைத் திறந்து பார்த்தேன். புருவத்துக்குக் கீழே இரண்டு கரிய குழிகள் இருந்தன. மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாக விழுந்திருந்தது. வெயில் தாங்காமல் முகத்தைச் சுளித்த மணப்பெண்ணுக்குப் பின்னால், நீலமாக இருந்திருக்க வேண்டிய வானமும் கடலும் வெள்ளைத்தாள் போல வெளிறிக் கிடந்தன. எடுத்தவரின் பையில் ஃப்ளாஷ் இருந்ததைத் தகப்பனார் பார்த்திருக்கிறார், கேட்டும் இருக்கிறார். "இவ்வளவு வெயில் அடிக்கும்போது ஃப்ளாஷ் எதுக்குங்க?" என்று பதில் வந்ததாம்.

இதே குறையோடு இந்த ஆண்டில் என்னிடம் வந்த நான்காவது குடும்பம் அது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், தொழிலில் இருக்கும் தம்பிமார்களுக்கும், அவர்களிடம் முன்பணம் கொடுக்கும் குடும்பத்தாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஃப்ளாஷ் இருட்டுக்கான கருவி என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. மண்டபத்துக்குள் ஃப்ளாஷ் வேண்டும், வெளியே வெயில் இருந்தால் வேண்டாம் என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். வெளிச்சம் போதுமா என்று பார்ப்பதோடு இவர்கள் நின்றுவிடுகிறார்கள். அது எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அது போடும் நிழல் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. வெயில் ஏற ஏற நிழலும் கறுத்துக்கொண்டே போகும். ஆகவே வெயில் கடுமையாக இருப்பதுதான் ஃப்ளாஷை எடுக்க வேண்டிய காரணமே. நேரில் பார்க்கும்போது பெண்ணின் கண் நன்றாகத்தானே தெரிந்தது என்று சிலர் வாதிடுவார்கள். மனிதக் கண் வெளிச்சமான இடத்தையும் நிழலையும் மாறி மாறித் தகவமைத்துக்கொண்டு பார்க்கிறது. கேமராவோ ஒரே நொடியில் ஒரே அளவில் இரண்டையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒன்று முகம் கறுக்கும், அல்லது வானம் வெளிறும். நம்பிக்கை வராதவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். மதிய வெயிலில் உங்கள் முஷ்டியை முகமட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விரல் மடிப்புகளுக்கு அடியில் நிழல் எப்படித் தேங்குகிறதோ, அப்படித்தான் மணப்பெண்ணின் கண்குழியிலும் தேங்கும். காய்ந்த வெண்மணலில் நின்றால் மணலாவது கீழிருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பிள்ளைகளை அலை நனைத்த கறுத்த மணலில் அல்லவா நிறுத்தியிருக்கிறார்கள்!

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. இராமேசுவரம் ஏறத்தாழ 9.3 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டிய நாட்களிலும், மறுபடி ஆகஸ்டு கடைசியிலும், பகல் 12.10-க்குச் சற்றுப் பின்னர் சூரியன் அங்கே நேர் தலைக்கு மேலே நிற்கும்; நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. கல்யாண முகூர்த்தங்கள் நிறைந்திருக்கும் சித்திரையில்தான், முகத்துக்கு மிகக் கேடான வெளிச்சம் நம் கடற்கரையில் விழுகிறது. அரிச்சல்முனைச் சாலையில் ஒருபுறம் அலை அடங்கிய பெண்கடல், மறுபுறம் அலை பொங்கும் ஆண்கடல். ஒதுங்கி நிற்க ஒரு மரத்து நிழல் கிடைக்காது. மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால்தான் பகலிலேயே எடுத்தோம் என்று சொல்வதை நான் ஏற்கிறேன். அப்படியானால் விடியலில் போயிருக்க வேண்டும், அல்லது ஃப்ளாஷைப் பையிலிருந்து வெளியே எடுத்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் பகலில் எடுப்பவர்கள் முதலில் சூரியனை மணமக்களின் முதுகுக்கோ தோளுக்கோ அனுப்பிவிடுங்கள். முகச்சுளிப்பு அந்தக் கணமே நின்றுவிடும். ஃப்ளாஷை அணைத்து வைத்துவிட்டு, வானமும் கடலும் வெளிறாதபடி கேமராவின் வெளிச்ச அளவை வையுங்கள். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 நொடி, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 11 என்ற இடத்தில் அது வந்து நிற்கும். முகம் இப்போது கறுத்திருக்கும், கறுக்கட்டும். அதன் பிறகு ஃப்ளாஷை இயக்கி முகத்தை மட்டும் தூக்குங்கள். கையடக்க ஃப்ளாஷ் ஒன்று முழு ஆற்றலில், மேலே எதுவும் மாட்டாமல், எஃப் 11-இல் மூன்றரை மீட்டர் தொலைவு வரை ஈடு கொடுக்கும். அதற்கு ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டினால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ஆகவே ஒன்றே முக்கால் மீட்டருக்குள் நெருக்கிக் கொண்டுவர வேண்டும். தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் காலாகக் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். இருந்தும் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஸ்டாண்டை நட்டுவிட்டு, ஃப்ளாஷ் விழவே இல்லை என்று கருவியைத் திட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பின்னணியை மங்கலாக்க வேண்டுமென்று லென்ஸ் துவாரத்தை (அப்பர்ச்சர்) அகலத் திறந்து, ஷட்டரை 1/1600-க்கு ஏற்றி, அந்த வேகத்திலும் ஃப்ளாஷை ஒத்துப்போக வைக்கும் ஹைஸ்பீடு சிங்க் முறையைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த முறையில் ஃப்ளாஷின் ஆற்றல் பெருமளவு சிதறிப்போகிறது என்பதை மறக்காதீர்கள். இன்னும் நெருங்க வேண்டியிருக்கும். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு 1/200-இலேயே எஃப் 4-க்கு வருவது என் வழக்கம். இதனால் ஃப்ளாஷுக்குக் கூடுதல் பலம் எதுவும் வந்துவிடாது, பின்னணி மட்டும்தான் கரையும். அதற்கு மேல் எதிர்பார்த்து என்னிடம் வாதாட வேண்டாம்.

இன்னொரு தொல்லை, நிறம். "பிள்ளை கொஞ்சம் மாநிறம், கலரா காட்டுங்க" என்று தாய்மார்கள் கேட்பார்கள். உடனே கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷை நேராக முகத்தில் அடித்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிடுவார்கள். ஃப்ளாஷ் என்றாலே மூஞ்சியை வெளுக்கும் கருவி என்று மக்கள் அஞ்சுவதற்கு நாம்தான் காரணம். மாநிறத்தின் அழகே கன்னத்து எலும்பிலும் நெற்றியிலும் ஓடும் மினுமினுப்பில் இருக்கிறது. அதைக் காட்டப் பெரிய பரப்புள்ள வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து வர வேண்டும். சரிகையும் கல் நகையும் கூட நேரடி ஃப்ளாஷில் புள்ளி புள்ளியாகப் பொரிந்து போகும். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வெள்ளைச் சேலையில் வரும் மணப்பெண்ணை வெண்மணலில் நிறுத்தி, கேமராவின் தானியங்கிக் கணக்கை நம்பினால், வெண்மையைக் கண்டு அது வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுக்க வைத்துவிடும். அங்கே ஆற்றலைக் கையால் வைப்பதே பாதுகாப்பு.

ஃப்ளாஷே வேண்டாம், இயற்கை ஒளியில்தான் எடுப்பேன் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இயற்கை ஒளி என்பது எந்நேரமும் கிடைக்கும் எல்லா வெயிலும் அல்ல என்பதை மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாலைப் பொன்வெயிலுக்கு வைத்த கோல்டன் ஹவர் என்ற பெயரில் "ஹவர்" இருப்பதால் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று நம்பி, மறையும் நேரத்துக்கு அரைமணி முன்னால்தான் சாவகாசமாக அலங்காரத்தைத் தொடங்குகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூரியன் சாய்வாக நழுவுவதில்லை, கிட்டத்தட்டச் செங்குத்தாகவே விழுகிறது. அடிவானத்துக்கு மேல் ஆறு பாகை உயரத்திலிருந்து கடலைத் தொட ஏறக்குறைய 25 நிமிடங்களே ஆகும். அதற்குள் தாத்தா பாட்டி, மச்சான், அத்தை என்று எல்லோரையும் நிறுத்தி எடுக்க முடியாது. மணமக்களை முதலில் முடியுங்கள். அந்த நேரத்தில் ஃப்ளாஷ் போட்டால் அதன் மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டுவதையும் மறக்காதீர்கள். ஃப்ளாஷின் ஒளி 5500 கெல்வினை ஒட்டியது (ஒளியின் நிறத்தை அளக்கும் இந்த எண் குறையக் குறையச் செம்மை ஏறும்), அந்தி வெயிலோ அதற்கு வெகு கீழே இருப்பது. அரை ஆரஞ்சு ஜெல், அதாவது பாதி அடர்த்தியுள்ளது, அதை 3800 அளவுக்கு இறக்கிக் கொடுக்கும். இல்லாவிட்டால் செவ்வானத்துக்கு முன்னால் ட்யூப் லைட் முகங்கள்தான் நிற்கும்.

பகலிலேயே நல்ல இயற்கை ஒளி வேண்டுமென்றால் கரையேற்றி வைத்த நாட்டுப்படகைத் தேடுங்கள். படகின் நிழல் விழும் பக்கத்தில், நிழலின் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே மணப்பெண்ணை நிறுத்தி, வெயில் விழும் மணலைப் பார்க்கச் சொன்னால், அந்த மணலே பெரிய ரிஃப்ளெக்டராக வேலை செய்யும். கண்ணில் ஒளிப்புள்ளி தானாக வந்து உட்காரும். நீலச் சாயம் அடித்த படகாக இருந்தால் கன்னத்தில் நீலம் ஏறும் என்பதால் ஓரடி விலகி நிற்கச் சொல்லுங்கள். படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள்; வலை காயும் இடத்தில் செருப்போடு ஏறாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர் நிழலும் அருமையானது, ஆனால் அந்தச் சுவரில் யாரையும் ஏற்றிவிடாதீர்கள். பனையடி நிழலும் சவுக்குத் தோப்பு நிழலும் பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தாலும், இடையிடையே விழும் வெயில் பொட்டுகள் முகத்தைச் சிறுத்தையாக்கிவிடும்.

கண் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "சூரியனைப் பாருங்க, முகம் பளிச்சுன்னு வரும்" என்று யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, ஒருபோதும் சொல்லாதீர்கள். விழித்திரை வெந்தால் வலிகூடத் தெரியாது. சூரியன் முன்னால்தான் இருக்க வேண்டுமென்றால், கண்ணை மூடச் சொல்லி மூன்று எண்ணித் திறக்கச் சொல்லுங்கள். டெலி லென்ஸ் மாட்டிய கேமராவின் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியே சூரியனை நீங்களும் பார்க்காதீர்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தலைதான் உடையும். நம் கரையில் சாஃப்ட்பாக்ஸ் என்பது ஒரு பாய்மரம். சாக்கில் மணல் நிரப்பி ஸ்டாண்டின் காலில் கட்டாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். உதவிக்கு ஆள் இல்லை என்றால் சாஃப்ட்பாக்ஸை விரிக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் ஃப்ளாஷின் அடிமுனைகளை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள், உப்பு ஒரே வாரத்தில் பச்சை பூக்கும். கெட்டுப்போனால் நீங்களே திறக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

குடும்பத்தாருக்கு ஒன்று: எத்தனை படம், எத்தனை பக்க ஆல்பம் என்று பேரம் பேசுவதற்கு முன்னால், எத்தனை மணிக்கு எடுப்பீர்கள், மதியத்தில் எடுத்தால் முகத்து நிழலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வாய் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அந்தத் தகப்பனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாம் விவரங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்புகள். கண்குழியில் வெளிச்சத்தை ஏற்றினால் புள்ளிகள்தான் பொங்கி வந்தன. ஆடிக்கு மகளும் மருமகனும் விருந்துக்கு வந்தபோது மூவரையும் மாலை 5 மணிக்கே பெண்கடல் பக்கமுள்ள அரியமான் கரைக்கு வரச் சொன்னேன். தென்மேற்குக் காற்று மண்டையைப் பிளந்தாலும், அந்தக் கடல் மட்டும் குளம் போலக் கிடந்தது. சூரியன் மறைய 6.30 தாண்டும். சாஃப்ட்பாக்ஸை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, அரை ஆரஞ்சு ஜெல் ஒட்டி, கால் பங்கு ஆற்றலில் வைத்தேன். மணல் சாக்குக் கட்டியும் ஸ்டாண்டு ஆடியதால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகப்பனாரே இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். முதல் படத்தைத் திரையில் காட்டியபோது அவர் கடலையோ செவ்வானத்தையோ பார்க்கவில்லை, "கண்ணு தெரியுதா?" என்று மட்டும்தான் கேட்டார்.