போட்டிக்கு முன் "கை நடுங்காத குளிசை" கேட்காதீர்கள்

மட்டக்களப்பில் நான் நடத்தும் சிகிச்சை நிலையத்துக்கு ரைபிள் சுடும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரிற் சிலர், போட்டித் திகதி நெருங்கியதும் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "டொக்டர், அண்டைக்கு மட்டும் கை நடுங்காம இருக்க ஒரு குளிசை தரேலாதா?" அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் புரொப்பிரனலோல். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் நாங்கள் நெடுங்காலமாக எழுதிக் கொடுக்கும் மருந்து என்பதால், அதில் தீங்கில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

10 மீற்றர் எயார் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீற்றர்தான், 75 நிமிடங்களுக்குள் 60 தடவை அதைக் குறிவைக்க வேண்டியவருக்குத் தன் நாடித் துடிப்பே பகையாகத் தோன்றுவது இயல்பு. இம்மருந்து துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும். அதனாலேயே இந்த விளையாட்டில் போட்டி நாளில் மட்டுமன்றி, ஏனைய நாட்களிலும் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜொங்-சு கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் வென்ற வெள்ளியையும் வெண்கலத்தையும் பறிகொடுத்தது புரொப்பிரனலோலினால்தான்.

பதக்கம் போனால் போகட்டும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இதை விழுங்கினால் மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிடும். அந்த வேளையில் இன்ஹேலரும் சரிவரக் கைகொடுக்காது. கச்சான் காற்று வீசும் நாட்களில், தடித்த சுடுதல் சட்டைக்குள் வியர்த்து நீரிழந்திருப்பவருக்கு இரத்த அழுத்தம் இறங்கி மயக்கமும் வரலாம்.

துடிப்பை வெல்ல மருந்தில்லா வழிகள் உண்டு. படுத்துச் சுடும்போது முன்குறி சீரான இடைவெளியில் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால், மேற்கையில் கட்டிய வார் அங்குள்ள நாடியை அழுத்துகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வாரைச் சற்று மேலேற்றியோ இளக்கியோ கட்டிப் பயிற்சியிலேயே சரிபார்க்க வேண்டும். நின்று சுடுவோருக்கு வார் கிடையாது. மூச்சை விட்டபின் வரும் இயல்பான இடைவெளியே அவர்களுக்குத் துணை. பத்து விநாடிக்குள் மனம் ஒப்பவில்லையென்றால் ரைபிளை இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது, ஏனெனில் மூச்சை அடக்க அடக்கப் பார்வையும் மங்கும்.

கொழும்பில் போட்டியென்றால், இரவு பஸ்ஸில் போய் இறங்கி முகம் கழுவியதும் நேரே சுடுதளத்துக்குப் போகும் நம் பக்கத்துப் பழக்கத்தை விட்டுவிட்டு, முதல் நாளே போய் உறங்கி எழ வேண்டும். பிளேன்ரீயை அன்றைக்கென்று கூட்டவும் வேண்டாம், அடியோடு நிறுத்தவும் வேண்டாம்.

ஏற்கெனவே இம்மருந்தை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது. திடீரென விட்டால் நாடி முன்னிலும் வேகமாக ஓடும். கண் அழுத்தத்துக்கு இடும் டிமோலோல் துளியும் இதே வகையைச் சேர்ந்ததே. ஆகவே போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே, பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் உறையோடு கொண்டுவந்து உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் மாற்று மருந்தொன்றைத் தேடலாம். அதற்கு வழியில்லாதபோது ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகளிடம் மருத்துவ விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சுடுதலில் அது எளிதில் கிடைப்பதில்லை.