சோதனையில் தேறிய தளம், தேடிக் கிடைக்காத பட்டன்

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த ஒரு விண்ணப்பத் தளத்தை, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனையில் ஓட்டினோம். ஒரு பிழைகூட வரவில்லை. அப்புறம் பார்வையற்ற நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பச் சொன்னோம். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் மளமளவென்று அடித்துவிட்டார். கடைசியில் டேப் விசையைத் தட்டுகிறார், தட்டுகிறார், 'சமர்ப்பி' வரவே இல்லை. "பட்டனே வைக்கலையா சார்?" என்றார்.

வைத்திருந்தோம். ஆனால் அது ஒரு 'டிவ்', அதாவது வலைப்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் போட்டுவைக்கும் வெறும் பெட்டி. வண்ணம் பூசி, கிளிக் செய்தால் வேலை செய்யும்படி எழுதியிருந்தோம். கண்ணுக்கு அது பட்டன். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் எழுத்து. அதை, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் சொந்த பட்டனாக மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டேப், என்டர், ஸ்பேஸ் மூன்றையும் பிரவுசரே பார்த்துக்கொண்டது.

ஆக்ஸ் போன்ற சோதனைக் கருவிகளை நான் தினமும் பயன்படுத்துகிறேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5:1-க்குக் குறைந்தால் உடனே சொல்லிவிடும். ஆனால் படத்துக்கு 'படம் 1' என்று விளக்கம் எழுதினால், விளக்கம் இருக்கிறது என்று விட்டுவிடும். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை.

தமிழ்த் தளங்களில் இன்னொரு சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். டெம்ப்ளேட்டில் வந்த, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று சொல்லும் lang="en" அப்படியே கிடக்கும். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறும். அந்தக் குரலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "ta" என்று இரண்டு எழுத்தை மாற்றினால் போதும்.

சோதித்துப் பார்க்கச் செலவும் இல்லை. விலை உயர்ந்த ஸ்கிரீன் ரீடர்களை வாங்க முடியாதவர்களுக்காக, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசம்தான். 'ஒரு வரி ஸ்கிரிப்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று விற்கப்படும், தளத்தின் மேல் ஒட்டவைக்கும் மேலடுக்குகளை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஒரு வரி, அடியில் இருக்கும் பட்டனைத் திருத்தித் தராது.

வங்கிக் கணக்கு தொடங்கக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை எதிர்த்த வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. வாடிக்கையாளர்களிடம் இதைத்தான் முதலில் எடுத்துச் சொல்கிறேன்.

அந்த நண்பரை இப்போதெல்லாம் வடிவமைப்புத் தொடங்கும் நாளிலேயே அழைத்துவிடுகிறோம். மற்ற சோதனையாளர்களுக்கு என்ன கூலியோ அதேதான் அவருக்கும்.