கிராப்பி டிரோலிங்: நரம்பு வாங்கும் முன் யோசிக்கவேண்டியது பவுண்டு அல்ல

"எத்தனை பவுண்டு நரம்பு போடலாம்?"

டிரோலிங்குக்கு, அதாவது ஓடுகிற படகோடு இரையை இழுத்துக் கிராப்பி மீன் பிடிப்பதற்கு, மார்ச் பிறந்துவிட்டால் கடையில் என் காதில் அதிகம் விழுகிற கேள்வி இதுதான். பவுண்டு என்றால் நரம்பு அறாமல் தாங்குகிற எடை. வட மிசிசிப்பியில் ஐ-55 நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிற ஒரு தூண்டில் கடையில் வேலை பார்க்கிறேன், ரீலுக்கு நரம்பு சுற்றித் தருகிற மெஷின் என் பொறுப்பு. மெம்பிஸ் பக்கமிருந்து சனிக்கிழமை காலையில் கிளம்பி வருகிற நம்மாட்களும் இப்போது கணிசமாக வருகிறார்கள். கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு எண். நான் எண்ணைச் சொல்லாமல், எந்த ஏரி, கட்டை நிறைந்த இடமா திறந்த தண்ணீரா, படகு எவ்வளவு வேகத்தில் போகும் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் இதைக் கேட்காமல் நரம்பு விற்றால் அது வெறும் விற்பனைதான்.

முதலில் மீனைப் பார்ப்போம். கிராப்பியில் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு இனம், இரண்டுமே சன்ஃபிஷ் குடும்பம். வெள்ளைக் கிராப்பியின் உலக சாதனை 5 பவுண்டு 3 அவுன்ஸ், பிடிபட்டது எங்கள் பக்கத்து ஈனிட் ஏரியில், 1957-ல். அதாவது இரண்டு கிலோ முந்நூற்றுச் சொச்சம். கிரெனடா ஏரியில் 3 பவுண்டு மீன் கிடைத்தாலே படகில் இருப்பவர்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். இந்த எடைக்கு 20 பவுண்டு நரம்பு எதற்கு? நரம்பு அறுந்து கிராப்பியை இழந்தவர்களைவிட வாய் கிழிந்து இழந்தவர்கள்தான் அதிகம். உதட்டைச் சுற்றி இருக்கிற சவ்வு வெங்காயத் தோல் மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். முள் அதில் குத்துகிற ஓட்டை, இழுக்க இழுக்கப் பெரிதாகும், படகருகே வந்து தலையை ஒரு உதறு உதறினால் போயே போச்சு.

அதனால் நான் சொல்கிற கணக்கு தலைகீழானது. மீன் வாய், முள், லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டுகிற குட்டை நரம்பு), பிரதான நரம்பு, இந்த நாலில் எது முதலில் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டு அப்புறம் நரம்பு எடுங்கள். மீன் வாய் விட்டுக்கொடுக்கக் கூடாது, அது உறுதி. மற்ற மூன்றின் வரிசை இடத்தைப் பொறுத்து மாறும்.

கட்டை நிறைந்த தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஆர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா நாலுமே வெள்ளத்தைத் தடுக்க ராணுவப் பொறியியல் படை 1940-க்கும் 1954-க்கும் இடையில் கட்டி முடித்த அணைகளின் நீர்த்தேக்கங்கள். ஏரிக்கு அடியில் மரக்கட்டைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே படகின் முன்னால் வரிசையாக நீளக் கம்புகளை விரித்துவைத்து, மணிக்கு அரை மைல் வேகத்தில் தவழ்ந்து போவார்கள், பார்ப்பதற்குச் சிலந்தி போல இருப்பதால் ஸ்பைடர் ரிக்கிங் என்று பெயர். முள் கட்டையில் மாட்டுவது சகஜம். லீடர் 4 பவுண்டு என்றால் ஒவ்வொரு மாட்டலுக்கும் முள், ஈயம், நரம்பு எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் இங்கே பிரதான நரம்பு 10 அல்லது 12 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்), லீடரும் அதற்குச் சற்றே கீழே, முள் மட்டும் மெல்லிய கம்பியில் செய்த ஏபர்டீன் வகை. இழுத்தால் முள் நிமிர்ந்துகொண்டு வெளியே வந்துவிடும், விரலாலோ குறடாலோ மறுபடி வளைத்துக்கொள்ளலாம். ஓரிரு முறை வளைத்த முள்ளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். தடிமன் முள் வாங்கிவிட்டு "10 பவுண்டு போட்டும் அறுந்துபோச்சு" என்று வருகிறவர்களிடம் நான் நரம்பைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் காட்டச் சொல்கிறேன்.

மாட்டிய முள்ளை விடுவிக்கிற விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. மோனோ நன்றாக இழுபடும், நீளத்தில் கால் பங்குவரை. அரை அவுன்ஸ் ஈயக்குண்டு அதன் நுனியில் இருக்கிறது. கம்பை வளைத்துத் தம் கட்டி இழுத்தால், முள் விடுபட்ட நொடியில் அந்தக் குண்டு நேராக முகத்துக்கு வரும். கம்பை மடக்காமல் நுனியை நரம்பின் திசைக்கே நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக இழுங்கள். பிரெய்டாக (பல இழைகளைப் பின்னிய நரம்பு) இருந்தால் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், ஒரு துண்டுக் கட்டையில் சுற்றி இழுங்கள். பிரெய்டு விரலை அறுத்துவிடும்.

திறந்த தண்ணீர் வேறு கதை. படகுக்குப் பின்னால் 1/16 அவுன்ஸ் ஜிக்கை (ஈயத் தலை வைத்த முள்) நீளமாக விட்டு மணிக்கு ஏறக்குறைய 1 மைலில் இழுக்கிறீர்கள் என்றால் ஆழத்தை முடிவு செய்வது மூன்று: வேகம், ஜிக்கின் எடை, வெளியே போன நரம்பின் நீளமும் தடிமனும். தடித்த நரம்பைத் தண்ணீர் அதிகமாகத் தள்ளும், ஜிக் மேலே ஏறிவிடும். 4 பவுண்டு போட்ட கம்பும் 8 பவுண்டு போட்ட கம்பும் ஒரே ஜிக்கை ஒரே ஆழத்தில் கொண்டுபோகாது. கிராப்பி தலைக்கு மேலே பார்த்து இரை தேடுகிற மீன், தனக்குக் கீழே போகிற ஜிக்கை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆக ஓரிரு அடி வித்தியாசம்கூட ஒரு நாளைக் கெடுத்துவிடும். இங்கே 4 அல்லது 6 பவுண்டு மோனோ போதும், முக்கியம் என்னவென்றால் எல்லாக் கம்பிலும் ஒரே நரம்பு, ஒரே தடிமன், முடிந்தால் ஒரே நாளில் சுற்றியது. ஒரு கம்பில் மீன் விழுந்தால் மற்ற கம்புகளை அதே நீளத்துக்கு மாற்றுவோம், நரம்பு வேறு வேறாக இருந்தால் அந்த வேலைக்கு அர்த்தமே இல்லை.

பேண்டிட் 300 மாதிரி கிராங்க்பெய்ட்டை (இழுத்தால் ஆழத்துக்கு இறங்குகிற மீன் வடிவச் செயற்கை இரை) மணிக்கு ஒன்றரை, இரண்டு மைலில் இழுப்பவர்களுக்கும் எல்லாக் கம்பிலும் ஒரே நரம்புதான், ஆனால் 10 பவுண்டு மோனோ தாராளம். இவர்கள் பெரும்பாலும் வெளியே போன நரம்பின் நீளத்தைக் காட்டுகிற லைன் கவுண்டர் ரீல் வைத்திருப்பார்கள். அந்தக் கவுண்டர் எண்ணுவது சுருளின் சுற்றுகளைத்தான். சுருள் முழுசாக இருக்கும்போது ஒரு சுற்றுக்கு அதிக நரம்பு போகும், பாதி காலியானால் அதே சுற்றுக்குக் குறைவாகப் போகும், ஆனால் கவுண்டருக்கு அது தெரியாது. கவுண்டர் 100 என்று காட்டும், வெளியே போயிருப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். எல்லா ரீலையும் ஒரே அளவுக்கு நிரப்பி, தரையில் ஒருமுறை நரம்பை விட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சரி, பிரெய்டு. போன பருவத்தில் ஒரு தம்பி கெளுத்திக்கு வைத்திருந்த 30 பவுண்டு பிரெய்டு சுற்றிய ரீலோடு வந்து நின்றார்.

"அண்ணே, இது அறவே அறாதுன்னு யூடியூப்ல சொன்னாங்க."

"அறாது தம்பி. மீன் வாய்தான் அறும்."

பிரெய்டு இழுபடாது, அதுதான் அதன் பலம், கிராப்பிக்கு அதுவே பலவீனம். படகு முன்னே போய்க்கொண்டிருக்கும்போது மீன் கடித்தால் அந்த முதல் இழுப்பை ஏற்க வளையும் கம்பும் கொஞ்சம் நீளுகிற நரம்பும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் முள்ளில் ஒரு சின்ன வெள்ளைச் சவ்வு மட்டும் வரும். அதோடு பிரெய்டு தொளதொளப்பானது, காற்றடித்தால் நீளக் கம்பின் நுனியில் சுற்றிக்கொள்ளும். 10 பவுண்டு பிரெய்டு ஏறக்குறைய 2 பவுண்டு மோனோ தடிமன்தான் என்பதால் கிராங்க்பெய்ட்டை ஆழத்துக்கு இறக்க அது உதவும், அப்படிப் போடுகிறவர்கள் முன்னால் நாலைந்து அடி மோனோ லீடர் கட்டி, டிராக்கை (நரம்பு உருவிப் போவதைத் தடுக்கிற ரீலின் பிரேக்) தளர்த்தி வையுங்கள்.

ஃபுளூரோகார்பன் என்கிற இன்னொரு வகை நரம்பில் கட்டும் லீடரைப் பற்றி விளம்பரம் சொல்வது, தண்ணீரில் தெரியாது என்று. ஒளி விலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளூரோவுக்கு 1.42, நைலான் அதைவிட அதிகம், ஆக விஷயம் உண்மைதான். ஆனால் மழைக்குப் பிறகு கிரெனடா ஏரியில் ஜிக்கை ஒரு சாண் இறக்கினால் உங்கள் கண்ணுக்கே தெரியாது. அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நரம்புக்குக் கூடுதல் காசு ஏன்? மிசௌரி-ஆர்கன்சா எல்லையில் டேபிள் ராக், புல் ஷோல்ஸ் மாதிரி தெளிந்த ஏரி என்றால் வாங்குங்கள், பலன் தெரியும். கலங்கிய தண்ணீரில் ஃபுளூரோவின் உண்மையான பயன் அதன் விறைப்பு. மின்னோ என்கிற சின்ன இரை மீனை மாட்ட இரண்டு முள் வைத்த மின்னோ ரிக்கில் (டென்னசியின் ரீல்ஃபுட் ஏரியில் ரானி கேப்ஸ், ஸ்டீவ் கோல்மன் ஜோடி பிரபலமாக்கிய அமைப்பு) மேல் முள்ளின் லீடர் பிரதான நரம்பில் சுற்றிக்கொள்வதுதான் தீராத தலைவலி. லீடர் விறைப்பாகவும் குட்டையாகவும், ஆறிலிருந்து எட்டு அங்குலத்துக்குள், இருந்தால் தள்ளி நிற்கும். விறைப்பான மோனோவும் இதைச் செய்யும், பாதி விலையில். உயிருள்ள மின்னோ சுழலும், நரம்பை முறுக்கும், அதனால் நடுவில் ஸ்விவல் (சுழலுகிற இணைப்பு) கட்டாயம். ஸ்விவல் கம்பின் நுனி வளையத்துக்குள் போகாது, எனவே அதற்குக் கீழே தொங்குவது மொத்தமாகக் கம்பைவிட நீளமாக இருந்தால் மீனைத் தூக்கவே முடியாது. இதைச் சொல்லித் தரவேண்டுமா என்று நினைக்கலாம், சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

பிரதான நரம்புக்கு மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வது கண்ணைப் பறிக்கிற மஞ்சள். கிராப்பி இரையை எடுத்துக்கொண்டு மேலே வரும்போது கம்பு வளையாது, எதிர்ப்பக்கமாக நடக்கும்: ஈயத்தின் எடை இல்லாமல்போய் நுனி லேசாக நிமிரும், நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் தளர்ந்து ஒரு பக்கமாகச் சரியும். மஞ்சள் நரம்பில் அது தெரியும். நிறமற்ற நரம்பில் அந்தக் கடியைத் தவறவிடுவீர்கள்.

அட்டையில் அச்சிட்ட பவுண்டை ரொம்ப நம்பாதீர்கள். சாதாரண நரம்பில் '6 பவுண்டு' என்றால் ஆறுக்குக் குறையாது என்றுதான் பொருள், அதைத் தாண்டி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கலாம். சொன்ன எடைக்குள் அறுந்தே ஆகவேண்டிய நரம்பு சாதனைக்காக மீன் பிடிப்பவர்களுக்கானது, அட்டையில் 'கிளாஸ்' என்று போட்டிருக்கும். அதனால் பவுண்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற தடிமனைப் படியுங்கள். ஒரு கம்பெனியின் 6 பவுண்டும் இன்னொரு கம்பெனியின் 8 பவுண்டும் ஒரே தடிமனில் இருப்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

நைலான் வெயிலில் கெடும், தண்ணீரை உறிஞ்சும், முடிச்சை நனைக்காமல் இறுக்கினால் சூட்டில் பலம் இழக்கும். ஃபுளூரோவும் அப்படித்தான் முடிச்சில் போகும், எச்சில் தொட்டு இறுக்குங்கள். கிளம்பும் முன் கடைசிப் பத்தடியை இரண்டு விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டி மறுபடி கட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மோனோவை மாற்றுவது என் பிழைப்புக்காகச் சொல்வது மட்டுமல்ல.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் எத்தனை கம்பு விடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மினசோட்டாவில் பனி இல்லாத காலத்தில் பொதுவாக ஆளுக்கு ஒரு தூண்டில்தான், எட்டுக் கம்போடு அங்கே போய் நிற்காதீர்கள். எங்கள் நாலு ஏரியிலும் 12 அங்குலத்தைத் தாண்டாத கிராப்பியைத் திருப்பி விடவேண்டும். வாய் கிழிந்த குட்டியைத் திருப்பி விடுவதில் என்ன பலன் என்பது உங்களுக்கே தெரியும்.

வெட்டிய நரம்பு விஷயம். மரக்கிளையில் தொங்குகிற மோனோவில் கால் சிக்கிய கொக்கு, கழுத்தில் சுற்றிய ஆமை, இதெல்லாம் படகு இறங்குதுறைகளில் புதிதல்ல. உங்களுக்கே நஷ்டமும் உண்டு: டிரோலிங் மோட்டாரின் புரொப்பெல்லருக்குப் பின்னால் நரம்பு சுற்றினால் தண்டின் சீலை அறுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். மாதம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். இறங்குதுறையில் நரம்பு போடுவதற்கென்று பிவிசி குழாய் பொருத்தியிருந்தால் மோனோவை அதில் போடுங்கள், பிரெய்டைப் போடாதீர்கள், அதை மறுசுழற்சி செய்ய முடியாது, முழுப் பையையும் அது கெடுக்கும். பிரெய்டை ஒரு சாணுக்கும் குறைவான துண்டுகளாக வெட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். குழாய் இல்லாத துறை என்றால் பழைய மோனோவைக் கடைக்கே கொண்டுவாருங்கள், மெஷினுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.